கழற்றக்கூடியதாகச் செய்தல்: நெல்லைச் சீமைச் சிறுதொழில்களில் கழிவைக் குறைக்கும் வடிவமைப்பு வழிகாட்டி

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என இன்று மூன்று மாவட்டங்களாக இருக்கும் நெல்லைச் சீமையில் பொருள் செய்பவர்களுக்குக் குறைவில்லை. பத்தமடையில் கோரைப்பாய், காருகுறிச்சியில் மண்பாண்டம், அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு, வாகைக்குளத்தில் பித்தளை விளக்கு, வீரவநல்லூரில் கைத்தறி, மணப்பாட்டில் ஓலைப்பின்னல் என்று ஊருக்கொரு தொழில் உண்டு. இவை போகத் தெருவுக்குத் தெரு தையல் கடையும் தச்சுப்பட்டறையும் பலகாரக் கடையும் இருக்கின்றன. இவ்வாறு சிறிய அளவில் பொருள் செய்து விற்பவர்களுக்கும், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும், புதிதாகத் தொழில் தொடங்க எண்ணுபவர்களுக்கும் பயன்படும் நோக்கில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

குப்பையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குப்பைத் தொட்டியருகே தொடங்குகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஒரு பொருள் தன் ஆயுள் முடிந்தபின் மீண்டும் சரக்காகுமா, நெல்லை மாநகரின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் போய்ச் சேருமா என்பது அதைச் செய்யும்போதே, குறிப்பாக அதன் பாகங்களை ஒன்றோடொன்று எவ்வாறு சேர்க்கிறோம் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: கழிவை நிறுத்துப் பார்த்தல்

எதை மாற்றுவது என்று தீர்மானிப்பதற்கு முன், இப்போது எது வீணாகிறது என்பதை எடைபோட்டு அறிய வேண்டும். ஒரு வார காலம் பட்டறையிலிருந்து எதையும் வெளியே கொட்டாமல், வெட்டித் தள்ளிய துண்டுகளை ஒரு சாக்கிலும், செய்யும்போது பழுதானவற்றை ஒரு சாக்கிலும், மூலப்பொருள் வந்த உறைகளையும் அட்டைகளையும் ஒரு சாக்கிலும், விற்காமல் கெட்டவற்றை ஒரு சாக்கிலும் சேர்த்து வைத்து வார இறுதியில் நிறுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, வாங்கியபோது கிலோவுக்கு என்ன விலை கொடுத்தோம், பழைய இரும்புக்கடைக்காரர் இப்போது என்ன விலை தருவார் என்ற இரண்டையும் எழுத வேண்டும். எடையில் பெரியது ஒன்றாகவும் பண இழப்பில் பெரியது வேறொன்றாகவும் இருக்கலாம். தச்சுப்பட்டறையில் மரத்தூள் மலைபோல் குவிந்தாலும், காசு போவது பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்கு மிஞ்சும் நல்ல மரத்துண்டுகளில்தான். பண இழப்பு அதிகமாக உள்ளதிலிருந்து தொடங்குவதே நல்லது. ஏனெனில், கையில் காசு மிஞ்சுவதைக் கண்ட பிறகே பட்டறையில் உள்ள மற்றவர்களும் இந்த வேலையில் மனம் வைப்பார்கள்.

இரண்டாம் படி: எது முதலில் தேயும் என்று கேட்டல்

எந்தப் பொருளும் முழுவதுமாக ஒரே நாளில் பழுதாவதில்லை. ஏதோ ஒரு பாகம் முதலில் தேய்கிறது, அந்த ஒன்றுக்காக முழுப்பொருளும் வெளியே போகிறது. ஆகவே தேயக்கூடிய பாகத்தை முன்கூட்டியே அடையாளம் கண்டு, அதை மலிவானதாகவும் தனியாக மாற்றக்கூடியதாகவும் அமைப்பது வடிவமைப்பாளரின் முதல் கடமை. பிரஷர் குக்கரின் கேஸ்கட், மிக்ஸியின் கப்ளர், அதன் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் ஆகியவை இந்த எண்ணத்தில் பிறந்தவை. சில ரூபாய் விலையுள்ள கப்ளர் தேய்ந்து, விலையுயர்ந்த மோட்டாரைக் காக்கிறது.

நம் ஊர் நார்க்கட்டிலும் இதே முறையில் அமைந்தது. பனைமட்டை நார் அறுந்தாலோ தொய்ந்தாலோ, மரச்சட்டத்தையும் கால்களையும் அப்படியே வைத்துக்கொண்டு பின்னலை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். இதனால் ஒரு சட்டம் பல பின்னல்களைக் கண்டுவிடும். அதற்கு மாறாக, மரத்தூள் பலகையில் செய்து பசையால் ஒட்டிய கட்டிலில், ஒரு மூலையில் நீர் ஏறிப் பலகை உப்பிவிட்டால், திருகாணி மறுபடி பிடிக்காது. அந்த மூலையை மட்டும் மாற்ற வழியும் இராது. விற்கும்போது இரண்டாவது மலிவு என்பது உண்மை. ஆனால் வாங்குபவரிடம் ஆயுளைக் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய கடைக்காரர் முதலாவதையும் விற்க முடியும்.

எனவே செய்யவிருக்கும் பொருளின் படத்தை வரைந்து, அதில் உராயும் இடம், மடியும் இடம், நனையும் இடம், எடை தாங்கும் இடம் ஆகியவற்றுக்கு வட்டம் இட வேண்டும். துணிப்பையில் அது கைப்பிடி தைக்கும் இடம். ஓலைப்பெட்டியில் அது விளிம்பு. கோரைப்பாயில் அது ஓரம். அதனால்தான் பாயின் ஓரத்துக்குத் துணிக்கரை கட்டுகிறார்கள். அந்தக் கரை கிழிந்தால் பிரித்துவிட்டு வேறு கரை தைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: மூலப்பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்தல்

ஒரு பொருளில் எத்தனை வகை மூலப்பொருள் கலந்திருக்கிறதோ, அதைப் பிரித்தெடுக்கும் வேலை அத்தனை மடங்கு கூடும். பருத்திப் பைக்குப் பாலியஸ்டர் நூல், நைலான் நாடா, உலோகப் பொத்தான், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு என்று சேர்த்துக்கொண்டே போனால், அந்தப் பை கிழிந்த நாளில் அது உரக்குழிக்கும் உதவாது, பழைய துணி வாங்குபவருக்கும் உதவாது. பருத்திப் பைக்குப் பருத்தி நூலும் அதே துணியில் வெட்டிய கைப்பிடியும் போதும்.

பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவே முடியாத இடத்திலும் இதே விதி பொருந்தும். டப்பா பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் என்றால் மூடியும் அதிலேயே இருக்க வேண்டும். மேலே ஒட்டும் சீட்டு நீரில் ஊறினால் உரியக்கூடியதாக இருக்க வேண்டும். வாங்கும் சரக்கு எந்த வகை என்று ஐயம் வந்தால், அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பார்க்கலாம்: 1 என்பது பெட், 2 உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன், 3 பிவிசி, 5 பாலிபுரொப்பிலீன். எண் தேய்ந்துபோயிருந்தால் ஒரு துண்டை நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பிவிசியும் மூழ்கும். பளபளக்கும் பல அடுக்குப் பைகளைப் பொறுத்தவரை, அவற்றின் அடுக்குகளைப் பிரிக்கும் வசதி சிறுதொழிலில் கிடையாது என்பதால், அவற்றை வடிவமைப்பிலேயே சேர்க்காமல் விடுவதுதான் ஒரே வழி.

நான்காம் படி: இணைப்பைத் தேர்ந்தெடுத்தல்

மற்ற படிகளில் ஓரளவு தவறினாலும் பின்னால் சரிசெய்யலாம், இதில் தவறினால் முடியாது. அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

பழைய வீடு ஒன்றை இடிக்கும் இடத்துக்குச் சென்று பார்த்தால் இணைப்பின் முக்கியத்துவம் கண்கூடாகத் தெரியும். பாளையங்கோட்டையிலும் ஆற்றங்கரை அக்கிரகாரங்களிலும் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்ட சுவர்களை இடிக்கும்போது, செங்கற்கள் பெரும்பாலும் முழுமையாகக் கழன்று வருகின்றன. காரை செங்கல்லைவிட மென்மையானது என்பதால், முதலில் காரைதான் உதிர்கிறது. சிமெண்டுக் கலவையில் கட்டிய சுவரிலோ கலவை செங்கல்லைவிட வலிமையாகிவிடுவதால், கம்பியால் நெம்பும்போது செங்கல்தான் உடைகிறது. முதல் சுவரின் கல் அடுத்த வீட்டுக்குச் செல்கிறது, இரண்டாம் சுவரின் கல் பள்ளம் நிரப்பச் செல்கிறது. இணைக்கும் பொருள் இணைக்கப்படும் பொருளைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும் என்ற விதியை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்; தையல் துணியைவிட முன்னதாகப் பிரிய வேண்டும், கட்டு ஓலையைவிட முன்னதாக அறுபட வேண்டும். பிரிந்த தையலை மறுபடி போடலாம், கிழிந்த துணியை என்ன செய்வது? கைப்பிடிக்கு வலுவான நூல் வேண்டும் என்று நைலான் நூலால் பருத்திப் பையைத் தைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எடை கூடும்போது அந்த நூல் துணியை அரிந்துவிடுகிறது.

மரவேலையில், ஒரு மரத்தில் துளையிட்டு, மறுமரத்தின் நுனியைச் செதுக்கி அதில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து நிறுத்தும் மூட்டு பழைய கதவு நிலைகளில் இன்றும் காணக்கிடைக்கிறது. அந்த மர ஆணியைத் தட்டி எடுத்தால் நிலை முழுவதும் கழன்றுவிடும். இக்காலத்தில் எல்லா மூட்டையும் அவ்வாறு செய்யக் கூலி கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். அப்படியானால் போல்ட்டும் நட்டும், அதற்கும் முடியாவிட்டால் திருகாணி, அதற்கும் பின்னர்தான் இரும்பாணி, எல்லாவற்றுக்கும் கடைசியில் பசை என்ற வரிசையைப் பின்பற்றலாம். ஒரே பொருளில் ஒரே அளவுத் திருகாணியைப் பயன்படுத்தினால், பழுது பார்ப்பவர் ஒரே திருப்புளியில் வேலையை முடித்துவிடுவார். திருகாணியின் தலையை மக்குப் பூசி மறைப்பது அழகுக்காகச் செய்யப்படுகிறது. ஆனால் எங்கே கழற்றுவது என்றே தெரியாத மேசையை எவரும் கழற்ற மாட்டார்கள், உடைக்கத்தான் செய்வார்கள்.

ஓலைவேலையில் முடிச்சும் பின்னலுமே இணைப்பு என்பதால், அங்கே இயல்பாகவே இந்தச் சிக்கல் குறைவு. அண்மைக் காலத்தில் அழகுக்காகச் சூட்டுப்பசையால் பாசிமணியும் ஜரிகையும் ஒட்டி விற்கப்படும் ஓலைப்பெட்டிகளைப் பார்க்கும்போதுதான், மட்கக்கூடிய ஒன்றை மட்காததாக மாற்றுவதற்கு எவ்வளவு சிறிய வேலை போதும் என்பது புரிகிறது. சாயம் ஏற்றிய ஓலையையே இடையிட்டுப் பின்னினால் அதே அழகு கிடைக்கும்.

மண்பாண்டத்தில் இணைப்பு என்பதற்குப் பதிலாகச் சூட்டைப் பற்றிப் பேச வேண்டும். சூளைக்குப் போகாத பச்சை மண்ணை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊறவைத்து மறுபடி பிசையலாம். சுட்டபின் அது திரும்பாது. ஆகவே வளைந்தது, கீறியது, விளிம்பு சரியில்லாதது எல்லாவற்றையும் சூளைக்கு முன்பே பார்த்துக் கழிப்பது, விறகையும் மண்ணையும் ஒருசேர மிச்சமாக்கும். சூளையில் உடைந்தவற்றைப் பொடித்துச் சலித்துப் புது மண்ணில் சிறிதளவு கலந்தால், காயும்போது மண் சுருங்குவதும் வெடிப்பதும் குறையும்.

ஐந்தாம் படி: வெட்டுமுன் கணக்கிடுதல்

தைத்த ஆடைத் தொழிலில், வெட்டும் மேசையில் மட்டும் துணியில் 10 முதல் 20 சதவீதம் வரை துண்டாகப் போவது வழக்கம். வேட்டியும் சேலையும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுபவை என்பதால் அவற்றில் இந்த இழப்பு அறவே இல்லை. அந்த எண்ணத்தைத் தையலுக்கும் கொண்டுவர வேண்டுமானால், பொருளின் அளவைத் துணியின் அகலத்திலிருந்து பிறக்கச் செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: 36 அங்குல அகலமுள்ள துணியில் 20 அங்குல அகலப் பை வெட்டினால், பக்கத்தில் 16 அங்குலம் எதற்கும் பொருந்தாமல் நிற்கும். அதற்குப் பதிலாக 38 அங்குல நீளத் துணியை எடுத்து, அகலத்தில் 16 அங்குலமாக இரண்டு பட்டைகளும், 2 அங்குலமாக இரண்டு பட்டைகளும் வெட்ட வேண்டும். பெரிய பட்டை ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துப் பக்கங்களைத் தைத்தால் அடியில் தையலே இல்லாத பை கிடைக்கும்; சிறிய பட்டைகளைப் பாதியாக நறுக்கி, நான்காக மடித்துத் தைத்தால் 19 அங்குலக் கைப்பிடிகள் நான்கு கிடைக்கும். இரண்டு பைகள் முடிந்துவிடும், தரையில் ஒரு துண்டும் விழாது. அடித்தையல் இல்லாததால் பை முதலில் கிழியும் இடமும் ஒன்று குறைகிறது.

தச்சுப்பட்டறையில், மிஞ்சும் சிறு துண்டுகளுக்குரிய பொருள் ஒன்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். கடைசல் பிடித்துச் செய்யும் அம்பாசமுத்திரம் சொப்பு அதற்கு ஏற்றது. உள்ளங்கை அளவு மரம் கிடைத்தாலே ஒரு குட்டிக் குடமோ உரலோ வந்துவிடும். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள் என்பதால், மரத்தின் பழைய பூச்சு பற்றி அடுத்த படியில் வரும் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: பழைய சரக்கைச் சேர்த்தலும் தரம் பிரித்தலும்

மறுபயன்பாட்டுக்கு வரும் பொருளில் மரம், துணி, பேனர் ஆகிய மூன்றும் இந்தப் பகுதியில் தாராளமாகக் கிடைக்கின்றன.

வீடு இடிக்கும் இடங்களில் தேக்கு, வேம்பு, பனங்கை ஆகியவை கிடைக்கும். வாங்கும்போதே ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்து, மந்தமான ஒலி வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கலாம் என்று விலக்க வேண்டும். ஆணிகளை முழுவதும் பிடுங்கிய பிறகும், ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பது ரம்பத்தின் பல்லைக் காக்கும். பழைய வண்ணப்பூச்சுள்ள மரத்தில் கூடுதல் கவனம் தேவை. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பவோ, நெருப்பில் காட்டி உரிக்கவோ கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைத் தனியே கட்டி ஒப்படைக்க வேண்டும். அத்தகைய மரம் சொப்புக்கும் உணவுப் பலகைக்கும் வேண்டவே வேண்டாம்.

துணியைப் பொறுத்தவரை, பாபநாசத்தில் நீராடுவோர் தாமிரபரணியில் விட்டுச் செல்லும் ஆடைகளின் குவியலைப் பார்த்தவர்களுக்கு அளவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துணியை ஆற்றில் விடுவதற்குப் பதிலாகப் படித்துறையிலேயே வாங்கிச் சேர்க்கும் ஏற்பாடு இருந்தால் அது நல்ல மூலப்பொருளாகும். நனைந்து மணல் ஏறிய பிறகு எடுப்பதற்குச் செலவு அதிகம், பயன் குறைவு. சேர்த்த துணியில் பருத்தி எது, பாலியஸ்டர் எது என்று அறிய ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, காற்றோட்டமான இடத்தில் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பருத்தி பைக்கும் துடைப்புத் துணிக்கும் மிதியடிக்கும் போகும். பாலியஸ்டர் நீரை உறிஞ்சாது என்பதால் துடைப்புத் துணிக்கு உதவாது, கயிறாகத் திரிக்கலாம், மெத்தைக்குள் திணிக்கலாம்.

பழைய துணியில் பை செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வு, புதுப் பருத்தியில் செய்த பை ஒன்று, பருவநிலைத் தாக்கத்தில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் 52 தடவையும், எல்லா வகைத் தாக்கங்களையும் சேர்த்தால் சுமார் 7,100 தடவையும் பயன்பட வேண்டும் என்று கணக்கிட்டது. வாய்க்காலிலும் கடலிலும் சேரும் குப்பையின் கேடு அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எப்படியானாலும், கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு புத்தம்புது மஞ்சப்பைகளை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுக் கொடுப்பது சிக்கனம் ஆகாது. பழைய வேட்டியில் தைத்த பைக்கு அந்தக் கடன் பெரும்பாலும் முன்பே தீர்ந்துவிட்டது.

பேனர் பிவிசி பூசிய பாலியஸ்டர் துணி. வைக்கோல் படப்பை மூடவும், விறகின் மேல் போடவும் உதவும். அதன் மேல் நெல்லையோ வற்றலையோ காயப்போடுவதும், அதை அடுப்பெரிக்கப் பயன்படுத்துவதும் கூடாது. பிவிசி எரிந்தால் அமில வாயுவும் டயாக்சின் எனும் கொடிய நச்சும் வெளிவரும்.

ஏழாம் படி: பொதிதல்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டுள்ளன. உணவு பொதியும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் குவளை, தட்டு, உறிஞ்சுகுழல், தூக்குப்பை ஆகியவை அதில் அடங்கும். மாற்றாகச் செய்தித்தாளில் உணவைப் பொதிவதையும் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகள் தடுக்கின்றன. அச்சு மை உணவில் இறங்கும் என்பதே காரணம்.

கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் பொதிவதும், பூவை வாழைநாரில் கட்டுவதும் இங்கு என்றும் உள்ளவை. பொதியக் கடினமானது அல்வா. நெய் இறங்கும் பண்டம் என்பதால் வெறும் அட்டைப்பெட்டி ஊறிவிடும், பிளாஸ்டிக் பூசிய அட்டையோ எதற்கும் உதவாமல் போகும். அன்றே உண்பவர்களுக்கு வாழை இலையில் மடித்து மேலே சருகு சுற்றிக் கொடுப்பது போதுமானது. சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போகும் பெட்டிக்கு இலை தாங்காது. அங்கே மூடியும் உடலும் ஒரே பிளாஸ்டிக்காக உள்ள, கழுவி அஞ்சறைப் பொருளுக்கு வைத்துக்கொள்ளத் தக்க உறுதியான டப்பாவே, பளபளக்கும் பல அடுக்குப் பையைவிட மேலானது என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. உள்ளூர் வாடிக்கையாளர் வீட்டுத் தூக்குவாளியுடன் வந்தால் விலையில் சிறிது குறைத்துக்கொடுப்பது, எந்த விளம்பரத்தையும்விட விரைவில் பலன் தரும்.

எட்டாம் படி: திரும்பப் பெறுதலும் பழுது பார்த்தலும்

கண்ணாடிச் சோடாப் பாட்டில்கள் பல்லாண்டுகளாகக் கடைக்குத் திரும்பி வந்ததற்கு, பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணமே காரணம். அதே முறையை மரச்சட்டம், விளக்கு, தூக்கு, பெரிய ஓலைப்பெட்டி போன்றவற்றுக்கும் பொருத்தலாம். முன்பணம் மிகக் குறைவாக இருந்தால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள், மிக அதிகமாக இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். பொருளைப் புதிதாகச் செய்ய ஆகும் செலவில் ஒரு பங்கிலிருந்து தொடங்கிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். வாகைக்குளம் பித்தளை விளக்கைப் போன்ற உலோகப் பொருள்கள் உருக்கி வார்க்கத் தக்கவை என்பதால், பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியதைத் தருவது அத்தொழிலுக்குப் புதிதன்று.

பொருளின் அடியில் மூலப்பொருள், செய்த ஆண்டு, எங்கே கழற்ற வேண்டும், எங்கே பழுது பார்க்கலாம் ஆகிய நான்கையும் பொறிக்க வேண்டும். மரத்தில் சூட்டுக்கோலாலும், மண்ணில் பச்சையாக இருக்கும்போது முத்திரையாலும், துணியில் தையலாலும் இதைச் செய்யலாம். இதற்காக ஒட்டுச்சீட்டு வேண்டாம்.

பழுதுக்கு வருபவற்றுக்கு ஒரு குறிப்பேடு வைத்து, எந்தப் பொருள், எந்தப் பாகம், வாங்கி எவ்வளவு காலம் என்பதை எழுதிவர வேண்டும். இரண்டாம் படியில் வட்டமிட்ட இடமும் உண்மையில் பழுதான இடமும் வேறாக இருப்பது அடிக்கடி நேரும். ஒரே பாகம் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பாகத்தின் வடிவை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றும்போது துளைகளின் இடைவெளியையும் திருகாணியின் அளவையும் பழையபடியே வைத்துக்கொண்டால், முன்பு விற்றவற்றிலும் புதிய பாகம் பொருந்தும்.